முப்பத்தோராம் வரிசை, இருக்கை எட்டு

என் ஐம்பது வயது மகனுக்கு,

பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்க வேண்டாம். மகன் என்றது உங்களைத்தான், அப்பா. எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது பள்ளிக்கூடத்தோடு ஒரு கிழமை பனிமலைக்குப் போனேன். அப்போது என் பையில், சொக்ஸுகளுக்குக் கீழே, நீங்கள் ஒரு கடிதம் வைத்திருந்தீர்கள். ‘அன்பு மகனுக்கு’ என்று தொடங்கி இரண்டு பக்கம். கையுறையைக் கழற்றாதே. தெரியாதவர்கள் இனிப்புத் தந்தால் வாங்காதே. தெரிந்தவர்கள் தந்தால் இரண்டுக்கு மேல் வாங்காதே. பனியில் விழுந்தால் எழும்பு. அந்தக் கடைசி அறிவுரை மட்டும் இல்லாவிட்டால் நான் இன்றைக்கும் அங்கேயே கிடந்திருப்பேன். கடிதத்தை மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தேன், ஏனென்றால் மூன்றாம் நாள்தான் சொக்ஸ் மாற்றினேன். நாளைக் காலை நீங்கள் பாரிஸ் கார் து நோர் நிலையத்தில் ரயிலேறி, முதல் தடவையாகத் தனியே, இரண்டு நாளுக்கு லீல் நகரத்துக்குப் போகிறீர்கள். பையை அம்மா அடுக்கிவிட்டார். சொக்ஸுகளுக்குக் கீழே இடம் இருக்கிறது. ஆகவே இந்த முறை தகப்பன் நான்.

தகப்பன் மகனுக்கு எழுதினால் ‘நீ’ என்றுதான் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன். அடுத்த அறையிலிருந்து உங்கள் இருமல் கேட்டது. நீங்கள் வேலைக்குப் போய் இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது, ஆனாலும் கேட்டது. அதனால் ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன். மரியாதைக்குரிய மகனாகவே இருந்துகொள்ளுங்கள். பிரெஞ்சில் எழுதினால் எனக்குச் சுலபம். ஆனால் நீங்கள் அந்தத் தாளை என்னிடமே கொண்டுவந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது, வாசித்துச் சொல்லு என்று நீட்டுவீர்கள். வீட்டுக்கு வருகிற எல்லாக் கடிதத்துக்கும் அதுதானே நடைமுறை. உறையை ஒட்டவில்லை. ஒட்டினாலும் அம்மா கேத்தில் ஆவியில் பிரித்து வாசித்துவிட்டு, கூசேன்வில் மாமிக்குத் தொலைபேசியில் ஒப்புவிப்பார். திறந்த மடல் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான் போலும். மாமி, வணக்கம்.

மாமிக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக உங்கள் பயணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லீலில் பழைய காகிதங்கள் சேர்ப்பவர்களின் சந்தை நடக்கிறது. உதைபந்தாட்டம் பார்க்கப் போனபோது வாங்கிய ரிக்கற்றின் கிழிந்த துண்டைக்கூட எறியாமல் வைத்திருந்தவர்கள் அங்கே வருவார்கள். அதற்கென்று போட்டிருக்கும் ஒரு மேசையில் ஒரு மதிப்பீட்டாளர் உட்கார்ந்து, இது உண்மை, இது போலி, இதன் மூலை மடிந்திருக்கிறது, இதற்கு இவ்வளவு தரலாம் என்று சொல்லுவார். அந்தக் கதிரை இந்த முறை உங்களுக்கு. மேசையின் சொந்தக்காரர் மிசியே ரெனே, இங்கே பாரிஸ் சந்தையில் பழைய காகிதக் கடை வைத்திருப்பவர், உங்கள் பெயரை அட்டையில் அச்சடித்தே வைத்துவிட்டார். சரியாக நடந்தால் ஒவ்வொரு மாதமும் ஒரு ஊர், ஒரு மேசை. சமைக்கிற றெஸ்ரோறண்டில் பதினொரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு சனியும் ஞாயிறும் சேர்த்து லீவு கேட்டிருக்கிறீர்கள். நானும் வருகிறேன், உங்களுக்காகப் பிரெஞ்சில் கதைப்பதற்கு என்று சொன்னேன். நீங்கள் பருப்பைக் கிளறிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னீர்கள்:

“வேண்டாம் தம்பி. நானே கதைக்கிறன்.”

அதற்குப் பிறகு பருப்புத்தான் கதைத்தது. என்னில் கோபமோ என்று பயந்தேன். நீங்கள் அந்தக் கதிரையில் உட்காருவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. இரண்டையும் செய்தவன் நான். ஒன்று சின்னது, மற்றது நீங்கள் ரிக்கற் துண்டுகள் சேர்க்கும் அல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. சின்னதைச் சொல்லித் தைரியம் எடுத்துக்கொண்டு பெரியதற்கு வருகிறேன். இடையில் கொஞ்சம் புத்திமதியும் வரும். தகப்பன் என்றால் சும்மாவா.

உங்கள் முதல் வேலை சென் தெனிப் பக்கத்துப் பெரிய மைதானத்தில் கூட்டுவது என்று எனக்கு ஆறு வயதில் சொன்னபோது, ஆட்களைக் கூட்டுவது என்று நினைத்துவிட்டேன். வகுப்பில் எல்லோருக்கும் என் அப்பா ஒரு மைதானத்தையே நிரப்புவார் என்று சொல்லி வைத்தேன். ஆட்டம் முடிந்த மறுநாள் விடிய, விளக்குமாறும் பையுமாக நீங்கள் வரிசை வரிசையாக ஏறுவதாகப் பிறகுதான் விளங்கியது. ஒரு ஆட்டமும் பார்க்காமல் நூற்றுக்கணக்கான ஆட்டங்களுக்குப் போன ஒரே மனிதர் நீங்கள்தான். கதிரைகளுக்குக் கீழே கிடந்த ரிக்கற் துண்டுகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டது காசுக்காக இல்லை. அதில் இருந்த பிரெஞ்சைப் படிக்க. போர்த் என்றால் வாசல், ராங் என்றால் வரிசை, பிளாஸ் என்றால் இருக்கை. அறையில் ஐந்து பேர் படுத்திருக்க, நீங்கள் துண்டுகளை விரித்து வைத்துச் சொற்களை எழுத்துக்கூட்டினீர்கள். மற்றவர்கள் பாடப் புத்தகத்தில் முதல் பாடமாக ‘என் பெயர்’ படிக்கிறபோது, என் அப்பா ‘கிழிக்கப்பட்ட சீட்டு செல்லாது’ என்று படித்திருக்கிறார். அந்தச் செல்லாத சீட்டுகளுக்குத்தான் இன்றைக்குச் செல்லம்.

மூன்று வருடம் ஒரே வாசல், ஒரே படிக்கட்டு. அது உங்கள் காலுக்குள் போய்விட்டது. லா சப்பல் மெற்றோவில் படி ஏறும்போது நீங்கள் உதடு அசைய எண்ணிக்கொண்டு போவீர்கள். இருபத்தேழு வந்ததும் நின்று ஒரு மூச்சு விடுவீர்கள். படி அதற்கு மேலும் போய்க்கொண்டிருக்கும், பின்னால் வருகிற நான் உங்கள் முதுகில் முட்டுவேன். எனக்குப் பின்னால் வருகிற மரக்கறிப் பை என் முதுகில் முட்டும். ஏன் நிற்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டதற்கு, “என்ர படிக்கட்டு அவ்வளவுதான்” என்றீர்கள். வயதான மனிதரின் முழங்கால் என்று நினைத்துக்கொண்டேன். இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று எனக்கே தெரியாது. உங்கள் முதுகு ஞாபகம் வந்தது, எழுதினேன்.

இனிச் சின்னக் குற்றம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, அம்மாவின் தங்கை ஊருக்குப் போவதற்கு ஒரு சூட்கேஸ் வாங்க நாம் கிளின்யான்கூர் பழைய பொருட்கள் சந்தைக்குப் போனோம். ஒரு கடை மேசையில், கண்ணாடிச் சட்டத்துக்குள் மகாராசா போல ஒரு ரிக்கற் துண்டு. உங்கள் மைதானம், உங்கள் காலம். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள், மறுபக்கம் போய்ப் பார்த்தீர்கள், பிறகு என் காதுக்குள் சொன்னீர்கள்:

“தம்பி, அவரிட்டை மெல்லமாச் சொல்லு. கோவிக்க வேண்டாமாம் எண்டு முதல் சொல்லு. இது வலப்பக்கம் கிழிஞ்சிருக்கு. அங்கை வாசல்லை நிக்கிறவை இடப்பக்கம்தான் கிழிக்கிறவை. எனக்கு ஒரு சின்னச் சந்தேகம், அவ்வளவுதான்.”

நான் மொழிபெயர்த்தேன். பிரெஞ்சில் நான் சொன்னது இது: மிசியே, இது போலி என்கிறார் என் அப்பா. சட்டம் நன்றாக இருக்கிறதாம், அதை மட்டும் விற்கலாமாம். அந்த மனிதர்தான் மிசியே ரெனே. அவர் மீசை ஒரு பக்கமாக ஏறியது. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். சட்டத்தைக் கழற்றினார். தாளை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடை நாய் எழும்பியது. இவர் யார் என்று என்னைக் கேட்டார். அந்த மைதானத்தில் இவருக்குத் தெரியாத இருக்கை இல்லை என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சிறந்த உண்மை அதுதான். என்னவாம் சொல்லுகிறார் என்று நீங்கள் கேட்டீர்கள். நீங்கள் நல்ல மரியாதையான ஆள் என்று சொன்னவர் என்றேன். நீங்கள் உதட்டை இறுக்கிக்கொண்டு சூட்கேஸ் பக்கம் திரும்பிவிட்டீர்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் நடந்தது. நீங்கள் சர்க்கரையோடு தந்த வசனங்களை நான் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு அந்தப் பக்கம் பரிமாறினேன். ‘கொஞ்சம் பழசு மாதிரித் தெரியேல்லை’ என்று நீங்கள் சொன்னது, ‘இது போன கிழமை அச்சடித்தது’ என்று போனது. ‘அவரும் பாவம், ஆசையாய் வாங்கியிருப்பார்’ என்பதை நான் மொழிபெயர்க்கவே இல்லை. மிசியே ரெனே தன் சிநேகிதர்களிடம் உங்களைப் பற்றி, இவர் வாய் திறந்தால் கத்தி என்று சொல்லுவார். நாளைக்கு அவர் எதிர்பார்த்துக்கொண்டு நிற்பது அந்தக் கத்தியைத்தான். அங்கே போய் இறங்கப் போவதோ வெண்ணெய். நீங்கள் ‘கோவிக்க வேண்டாம், ஒரு சின்னச் சந்தேகம்’ என்று தொடங்கினால் அந்த மனிதர் அப்பாவை ரயிலில் மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று நினைப்பார். இதற்கு என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு அப்போது பதினைந்து வயது. என் வாயால் நீங்கள் பெரிய ஆளாகத் தெரிவது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் உங்கள் வெண்ணெய்க்கும் ஒரு விலை இருக்கிறது, மகனே, அதைத் தகப்பன் சொல்லித்தான் ஆக வேண்டும். சந்திரன் அண்ணையின் கதையை மறந்திருக்க மாட்டீர்கள். லா சப்பலில் போட்டோக்கொப்பி, பாஸ்போட் படம், லமினேற்றிங் எல்லாம் செய்து தருகிற சந்திரன் அண்ணை. எங்கள் சனம் ஒரு தாளை மதிக்கத் தொடங்கினால் முதல் செய்வது அதை லமினேற் பண்ணுவது. அகதி அட்டையின் பிரதி, பிறப்புச் சான்றிதழ், மகளின் நடனப் பரிசு, யாரோ பெரியவர் எழுதித் தந்த யந்திரத் தகடு, எல்லாமே பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள். வதிவிட அனுமதிப் பப்பியேக்காக வரிசையில் நின்ற காலத்தில், ஈரமான ஒரு தாளால் ஒரு வருடம் போன கதை எல்லோரிடமும் இருக்கிறது. அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது. சந்திரன் அண்ணை தன் முதல் சம்பளத்தில் பார்த்த ஆட்டத்தின் ரிக்கற்றைக் கொண்டுவந்தார். சாமித் தட்டில் வைத்துச் சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் சூடாக ஒட்டிய லமினேற். ஒட்டினால் ஒட்டினதுதான், உரித்தால் எழுத்து பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். சேர்ப்பவர்கள் அதைக் கையாலும் தொட மாட்டார்கள். நீங்கள் அதை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தீர்கள். ‘அண்ணை, எப்படி?’ என்று அவர் உங்களைக் கேட்டார்.

“நல்லாத்தான் வச்சிருக்கிறீர் சந்திரன். இதை ஒருத்தருக்கும் குடுக்காதையும்.”

வெளியே வந்து, மூலைகூட மடியாத ரிக்கற்றை அவித்துப் போட்டானே என்று தெருவெல்லாம் புலம்பினீர்கள். ஆனால் சந்திரன் அண்ணைக்குக் கேட்டது ‘நல்லாத்தான் வச்சிருக்கிறீர்’ என்பது மட்டும். மதிப்பீட்டாளரே பாராட்டிய லமினேற்றிங் என்று அவர் கடையெல்லாம் சொல்ல, அடுத்த மாதத்துக்குள் உங்களிடம் பதினொரு ரிக்கற்றுகள் வந்து சேர்ந்தன, பதினொன்றும் லமினேற் பண்ணி. ஒருவர் உங்களைக் கௌரவிக்க இரண்டு தரம் பண்ணியிருந்தார். ஒரு முழு உதைபந்தாட்ட அணி, அப்பா, உங்கள் ஒரு மரியாதையால் மூச்சடைத்துப் போனது. அந்தப் பதினொரு பேருக்கும் நீங்கள் தேத்தண்ணி கொடுத்து, ஒருவரையும் நோகாமல் அனுப்பிவிட்டு, இரண்டு நாள் வடிவாகச் சாப்பிடவில்லை. ஆகவே என் புத்திமதி: நாளைக்கு மோசமான துண்டு வந்தால் முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள். தேத்தண்ணி பிறகு கொடுக்கலாம். ‘ஓம்’ என்று மட்டும் தொடங்காதீர்கள். உங்கள் சமையலறைப் பெடியள் நீங்கள் ஓம், ஓம் என்பதைக் கேட்டு யோகா என்று நினைத்துக் கண்ணை மூடியவர்கள். லீல்காரரும் மூடிவிட்டால் ரிக்கற்றை யார் பார்ப்பது.

இனித் தள்ளிப்போட முடியாது. பெரியது.

உங்கள் அல்பத்தில் ஒரு இடைவெளி இருந்தது. தொண்ணூற்றெட்டில், நீங்கள் வந்த வருடம், உலகக் கிண்ணத்தின் இறுதியாட்டம் உங்கள் மைதானத்தில் நடந்தது. பாரிஸ் முழுவதும் தெருவில் நின்றது. மறுநாள் கூட்டப் போனவர்கள் பை பையாக அள்ளியிருக்கிறார்கள். நீங்கள் போகவில்லை. அன்று விடிய உங்களுக்குப் பிறெபெக்தூர் அலுவலகத்தில் பப்பியேக்கான வரிசை. மாலையில் திரும்பி வந்தபோது உங்கள் படிக்கட்டை வேறு யாரோ கூட்டியிருந்தார். மற்ற ஆட்டங்கள் எல்லாம் இருக்க அது மட்டும் இல்லை என்று நீங்கள் சொல்லும்போது, பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவது போல இருக்கும். நான்கு வருடத்துக்கு முன், எனக்குப் பதின்மூன்று வயது. ஏப்ரல் முதலாம் திகதி வந்துகொண்டிருந்தது. இங்கே அன்றைக்குப் பிள்ளைகள் முதுகில் கடதாசி மீன் ஒட்டுவார்கள். மீன் எல்லோரும் ஒட்டுவது. நான் உங்களுக்கு ஒரு திமிங்கிலம் ஒட்டலாம் என்று நினைத்தேன்.

படத்தை இணையத்தில் எடுத்தேன். பள்ளிக்கூட நூலகத்தின் அச்சு இயந்திரத்தில், தடித்த சித்திரத் தாளில் அடித்தேன். அம்மா தையல் தைக்காத நேரம் பார்த்து, நூல் கோர்க்காத மெசினில் ஒரு ஓட்டு ஓட்டி, கிழிக்கிற இடத்துத் துளைகளைப் போட்டேன். தட்டில் தேத்தண்ணி ஊற்றி ஊறவைத்து, வெப்பக் குழாயின் மேல் காய வைத்தேன். உங்களைச் சந்தோசப்படுத்த உங்கள் வாசலின் எழுத்தையே போட்டேன். வரிசை முப்பத்தொன்று, ஏனென்றால் அம்மா பிறந்தது முப்பத்தோராம் திகதி. இருக்கை எட்டு, ஏனென்றால் நான் பிறந்தது எட்டாம் திகதி. உங்கள் மற்றத் துண்டுகளைப் பார்த்து, இடப்பக்கம்தான் கிழித்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, ‘திரான்சி நடைபாதையில் பழைய உதைபந்தாட்டப் புத்தகம் ஒன்று வாங்கினேன், அதற்குள் இது இருந்தது’ என்று துண்டை நீட்டினேன். திட்டம் என்னவென்றால், நீங்கள் துள்ளுவீர்கள், நான் ‘ஏப்ரல் மீன்’ என்று கத்துவேன், நீங்கள் விளக்குமாற்றோடு துரத்துவீர்கள். நீங்கள் துள்ளவில்லை. கை கழுவினீர்கள். துடைத்தீர்கள். காயும்வரை நின்றீர்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு யன்னலுக்குப் போய், வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து, அப்படியே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். உங்கள் தோள்கள் குலுங்கின. என் அப்பா அழுகிறார். இருபது வருடம் தேடியது கிடைத்ததென்று அழுகிறார். அந்த முதுகில் மீன் ஒட்ட எனக்குக் கை வரவில்லை. நீங்கள் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பத்திரமா வைக்கிறன்” என்றீர்கள். அல்பத்தின் முதல் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் அது போனது. எல்லாத் துண்டுக்கும் செய்வது போல ஒரு குறிப்புத் தாளும் எழுதிப் பின்னால் மடித்துச் செருகினீர்கள்.

நான்கு வருடம். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் நீங்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து, “இது தம்பியால வந்தது” என்று காட்டும்போதெல்லாம் எனக்குத் திடீரென்று கழிவறை வரும். ஒருநாள் சொல்லலாம் என்று ஒவ்வொரு ஏப்ரலும் நினைத்தேன். மிசியே ரெனேயிடம் நீங்கள் அதைக் கொண்டுபோனதே இல்லை; அது வீட்டுப் பொருள், சந்தைக்கு வராது என்று நீங்கள் சொன்னதால் எனக்கு நித்திரை வந்தது. நேற்று இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் சொன்னீர்கள், முதல் பக்கத்தையும் லீலுக்குக் கொண்டுபோறன் என்று. நான் இடியப்பத் தட்டை அப்படியே தள்ளி வைத்தேன். உருப்பெருக்கியோடு முந்நூறு பேர் வருகிற இடத்தில், உங்கள் பெயர் அட்டைக்கு முன்னால், நீங்களே கொண்டுபோய் வைக்கிற முதல் துண்டு ஒரு பதின்மூன்று வயதுக் கள்ளனின் தேத்தண்ணி. மற்றவர்களின் போலியைக் கண்டுபிடிக்கிறவர் என்று கூப்பிட்ட மனிதரை, போலி வைத்திருக்கிறவர் என்று அனுப்பிவிடுவார்கள். அதுவும் மொழிபெயர்ப்பாளன் இல்லாமல். நீங்கள் ‘கோவிக்க வேண்டாம்’ என்று சொல்லக்கூட நேரம் இருக்காது.

ஆகவே, மகனே, அது போலி. செய்தது நான். அதைச் சந்தையில் வைக்க வேண்டாம். கோபம் எல்லாவற்றையும் திரும்பி வந்து காட்டலாம். விளக்குமாற்றைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு எழும்பினேன். நீங்கள் இந்தக் கடிதத்தை என்னைப் போல மூன்றாம் நாள் கண்டெடுத்தால் என்ன செய்வது என்று யோசனை வந்தது. சொக்ஸ் விஷயத்தில் எங்கள் பரம்பரையை நம்ப முடியாது. அதனால் துண்டை அல்பத்திலிருந்து நானே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கை கழுவினேன், துடைத்தேன், காயும்வரை நின்றேன். பழக்கம் எப்படித் தொற்றியது என்று தெரியவில்லை. முதல் பக்கத்து உறையிலிருந்து துண்டை இழுத்தேன். அதோடு பின்னால் இருந்த குறிப்புத் தாளும் வந்து மேசையில் விழுந்து விரிந்தது. நான்கு வருடம் அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்க்கவே பயந்தவன், அதன் முதுகை எப்படிப் பார்த்திருப்பேன். உங்கள் எழுத்து, பென்சிலில். அம்மாவும் மாமியும் அறிய இங்கே அப்படியே எழுதுகிறேன்:

‘தாள்: பள்ளிக்கூடத்துச் சித்திரத் தாள். நிறம்: தேத்தண்ணி, இஞ்சி போட்டது. துளை: வீட்டுத் தையல் மெசின். வரிசை முப்பத்தொன்று: அந்தப் படிக்கட்டில் இருபத்தேழுக்கு மேல் வரிசை இல்லை, கூட்டினவனுக்குத் தெரியும். செய்தவர்: தம்பி, வயது பதின்மூன்று. கிழித்த பக்கம் சரி.’

அதற்குக் கீழே பேனாவில், மை இன்னும் புதிதாக, ஒரு வரி: ‘லீலுக்கு: போலி எப்படி இருக்கும் என்று சனத்துக்குக் காட்ட.’

இரண்டு தரம் வாசித்தேன். அம்மா வந்து, ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய் என்று கேட்டார். தாளைக் காட்டினேன். வாசித்துவிட்டு, “உனக்கு இப்பதானோ தெரியும்?” என்று கேட்டுவிட்டு மெசினுக்குத் திரும்பிப் போனார். ஆக அம்மாவுக்கும் தெரியும். மாமி, உங்களுக்கும் தெரிந்திருக்கும். அன்று யன்னலடியில் தோள்கள் குலுங்கியது அழுகையால் இல்லை, சிரிப்பால். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் முதல் பக்கத்தைத் திறந்து காட்டி, ஓரக் கண்ணால் நான் கழிவறைக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நான்கு ஏப்ரல், அப்பா. முதுகில் மீனோடு நான்கு வருடம் திரிந்தது நான். மெற்றோப் படியில் உங்கள் முதுகில் எத்தனை தரம் முட்டினேன், இருபத்தேழு, இருபத்தேழு என்று ஒவ்வொரு தரமும் சொல்லித்தானே தந்தீர்கள்.

இப்போது எனக்கு இன்னொரு சந்தேகமும் வருகிறது, சின்னச் சந்தேகம், கோவிக்க வேண்டாம். ‘ஃபோ ஃபிலே’ என்ற இறைச்சித் துண்டுக்கு நாளுக்கு நாற்பது தடவை சமையலறையில் கத்துகிறார்கள், நாற்பது தடவையும் நீங்கள் அதை வாட்டி அனுப்புகிறீர்கள். ‘ஃபோ’ என்றால் போலி என்பது உங்களுக்குத் தெரியாதா? அன்று சந்தையில் நான் ‘ஃபோ’ என்று உப்புப் போட்டபோது, சூட்கேஸ் பக்கம் திரும்பி நீங்கள் உதட்டை இறுக்கியது எதற்காக? நானே கதைக்கிறன் என்று பருப்புக்கு மேலால் சொன்னதில் நான் பயப்பட ஒன்றுமே இருக்கவில்லை. உங்களுக்கு இரண்டு வருடமாக எல்லாமே விளங்கியிருக்கிறது. நான் சமைத்ததை ருசி பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறீர்கள்.

துண்டை உறைக்குள் திரும்ப வைத்துவிட்டேன், குறிப்பையும். புத்திமதியில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். லமினேற் விஷயம் மட்டும் நிற்கிறது. அதில் நான் சொன்னது சரி. வெண்ணெயாகவே போங்கள். மிசியே ரெனேக்கு முதல் அரை மணித்தியாலம் ஆச்சரியமாக இருக்கும், பிறகு பழகிக்கொள்வார். ‘அவரும் பாவம், ஆசையாய் வாங்கியிருப்பார்’ என்பதை இந்த முறை நீங்களே யாருக்காவது சொல்லுங்கள். அதைச் சொல்லக் கூடிய மதிப்பீட்டாளர் அந்தச் சந்தையில் வேறு ஒருவரும் இருக்க மாட்டார். ரயிலில் யன்னல் பக்கம் இருங்கள். தெரிந்தவர்கள் தந்தால் இரண்டுக்கு மேல் இனிப்பு வேண்டாம். போன மாதம் இரத்தப் பரிசோதனை முடிவை மொழிபெயர்த்ததும் நான்தான், அதில் உப்போ சர்க்கரையோ நான் போடவில்லை, இருந்ததையே சொன்னேன்.

முதல் பக்கத்தைத் திறந்து வைத்து, சனம் குனிந்து பார்க்கும்போது, நீங்கள் சொல்ல வேண்டியதை இங்கே தமிழ் எழுத்தில் எழுதித் தருகிறேன். இது போலி, இதைச் செய்தது என் மகன் என்று பொருள். ஒரு சொல்லும் கூட்டவில்லை, ஒரு சொல்லும் குறைக்கவில்லை. சந்தைக்காக நான் செய்த முதல் நேர்மையான மொழிபெயர்ப்பு. மெல்ல வாசியுங்கள். சிரிப்பு வந்தால் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், உங்களுக்கு அது நன்றாக வரும்.

‘செ தன் ஃபோ. செ மொன் ஃபிஸ் கி லா ஃபே.’

இப்படிக்கு,
இரண்டு நாளைக்கு மட்டும் உங்கள் தகப்பன்